ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

இரவு 8 மணிக்கு ஆறு சிரோலிமஸ் மாத்திரை, ஆயுள் கூட வேண்டும் என்று. ஒவ்வொன்றும் ஒரு மில்லிகிராம். இது 31-வது வாரம். நாக்குக்கு அடியில் புதிதாக ஒரு புண், ரசம் பட்டால் சுரீர் என்கிறது. வாய்ப்புண் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று போன மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, எரிகிறது.

மதுரையிலிருந்து அம்மா போன். நேற்று டயாலிசிஸ் முடிந்து எழுந்தபோது சின்னவனுக்கு பிரஷர் இறங்கிக் கண் இருட்டிவிட்டதாம். "நீ ஒண்ணும் கவலப்படாத" என்று இரண்டு தடவை சொன்னாள். அதைச் சொல்லத்தான் போன் பண்ணினாளா?

அக்டோபர் 6

எடை 64.2. தூக்கம் 7 மணி 10 நிமிடம். நாடி 56. பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது.

அக்டோபர் 7

மருந்துக் கடை. வழக்கமான ஆள் இல்லை, புதுப் பையன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சிரோலிமஸ்... இது கிட்னி மாத்தினவங்களுக்குக் குடுக்கறதாச்சே சார். உங்களுக்கா?"

"தம்பிக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் அப்படியே வந்துவிட்டது.

"எப்ப மாத்துனாங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கான்."

பையன் சந்தோஷமாகத் தலையாட்டி, நோய்த் தொற்று வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினான். இரண்டு வருடம் என்பது பொய் இல்லை. டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு வருடம்.

அக்டோபர் 8

அந்தப் பையனின் முகம் போகவில்லை. அதை மறக்க, இந்த மருந்தின் கதையை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது. 1964-ல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன மருத்துவக் குழு மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா சுரக்கிற பொருள் இது. தீவை அந்த ஊர்க்காரர்கள் ராப்பா நூயி என்பதால் ராப்பமைசின், சிரோலிமஸுக்கு இன்னொரு பெயர். மான்ட்ரியலில் அதை உருட்டிக்கொண்டிருந்தவர் சுரேன் சேகல், நம் பக்கத்து ஆள்தான், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாப். 1980-களில் கம்பெனி அந்த ஆய்வகத்தை மூடிவிட்டு வேலையை நியூஜெர்சிக்கு மாற்றியது. இவர் மனசு கேட்காமல் மருந்தை வீட்டு ஃப்ரீசரில் வைத்து, வீடு மாறும்போது உலர்பனியில் பொதிந்து கூடவே கொண்டுபோனார். சாப்பாட்டுச் சாமான் பக்கத்தில்! அவர் மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

1999-ல் அனுமதி கிடைத்தது, மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்கு. சேகல் தன் புற்றுநோய்க்கும் அதையே சாப்பிட்டார். 2003-ல் போய்விட்டார். 2009-ல்தான் எலிகள். 600 நாள் வயதான கிழட்டு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் பெண் எலி 14 சதவீதம், ஆண் எலி 9 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தது. நான் ஆண் எலி. எண்பதில் 9 சதவீதம் என்றால் ஏழு வருடம் சொச்சம். இந்தக் கணக்குக்கு அர்த்தமே கிடையாது என்று தெரியும், ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

அக்டோபர் 9

தம்பி மனைவி பேசினாள். அவளுக்கு பி, அவனுக்கு ஓ, சேரவில்லை. "ஓ-வுக்கு ஓ தான் வேணுமாம் மாமா. பதிவு பண்ணிக் காத்திருக்கச் சொல்றாங்க. வரிசை ரொம்பப் பெருசாம்." அம்மா தருகிறேன் என்று நின்றாளாம், 71 வயது, பதினைந்து வருடச் சர்க்கரை, டாக்டர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டார்.

அப்புறம் கொஞ்ச நேரம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குக்கர் விசில் அடித்தது, அவள் பக்கமா என் பக்கமா என்று தெரியவில்லை. வைக்கிறேன் மாமா என்றாள்.

அப்பாவுக்கு ஓ பாசிட்டிவ். என் டிரைவிங் லைசென்ஸிலும் அதுதான் போட்டிருக்கிறது.

அக்டோபர் 10

2014-ல் அமெரிக்காவில் வந்த கணக்கு. சிறுநீரகம் கொடுத்தவர்களில் 10,000 பேருக்கு 90 பேருக்குத்தான் வாழ்நாளில் சிறுநீரகம் முழுதாகப் பழுதாகும். ஊரில் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் 326. அப்படியானால் கொடுத்தவன் ஊர்க்காரனைவிட நன்றாக இருக்கிறான், அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்று நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறது. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து, கொடுக்காமல் இருந்தவர்களில் 14.

90. 14. மற்றவனுக்கு இது ஒரு சதவீதத்துக்கும் கீழே. நான் என்ன மற்றவனா? நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்று இரண்டு மாதம் ஆராய்ந்தவன். தூக்கத்தில் பத்து நிமிடம் குறைந்தால் ஏன் என்று எழுதி வைப்பவன். இத்தனை நாள் சில்லறை சில்லறையாகச் சேர்த்ததை ஒரே நாளில் மொத்தமாக எடுத்துக் கொடு என்றால்?

கொடு என்று யார் சொன்னார்கள்.

அக்டோபர் 11

என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

எட்டு மணிக்கு ஆறையும் அட்டையிலிருந்து பிதுக்கித் தட்டில் வைத்தேன். எட்டரைக்கும் அங்கேயே இருந்தது. பிதுக்கின மாத்திரை திரும்ப அட்டைக்குள் போகாது. மனைவியுடைய பழைய குங்குமச் சிமிழ் ஒன்று காலியாக இருந்தது, அதில் போட்டு மூடினேன்.

ஏன் போடவில்லை என்றால், சும்மாதான். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 62 மணி நேரம். ஐந்து பாதி என்றால் 310 மணி. போன ஞாயிறு இரவு எட்டிலிருந்து எண்ணினால் வருகிற சனி மாலை ஆறு மணிக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். அப்போது ரத்தம் எடுத்தால் சுத்தமாக இருக்கும். எதற்கு எடுக்கப் போகிறேன் என்று எழுதத் தோன்றவில்லை.

கிரியேட்டின் பொடியையும் நிறுத்தியிருக்கிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினினை அது ஏற்றிக் காட்டும்.

அக்டோபர் 13

"இந்த வாரம் போடலையா?" என்றாள்.

"மறந்துட்டேன்."

"நீங்களா?"

அக்டோபர் 14

வருடத்துக்கு 20 லட்சம் டாலர் செலவழித்து வயதைக் குறைக்கப் பார்க்கிற பிரையன் ஜான்சனைப் பற்றி அலுவலகத்தில் பேச்சு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் கைப்பையில் எட்டு டப்பா இருக்கிறது. அந்த ஆள் இதே ராப்பமைசினை ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டு, தோலில் தொற்று, கொழுப்பு, நாடி என்று வரிசையாகத் தொல்லை வந்து 2024-ல் நிறுத்திவிட்டார். அது வந்தபோதுகூட நான் நிறுத்தவில்லை. அவருக்குத் தினுசு வேறு என்றேன்.

2023-ல் அவர் மகனுடைய பிளாஸ்மாவைத் தான் ஏற்றிக்கொண்டார், தன்னுடையதை அப்பாவுக்குக் கொடுத்தார். மூன்று தலைமுறை ஒரே இடத்தில். தனக்கு ஒரு பலனும் தெரியவில்லை என்று பிறகு விட்டுவிட்டார். ஆனால் பிளாஸ்மா ஊறிவிடும். கொடுத்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அக்டோபர் 15

தூக்கம் 4 மணி 50 நிமிடம். ஏன் என்று எழுதவில்லை.

ராத்திரி முழுக்க ஹெரிக் சகோதரர்கள். 1954 டிசம்பர் 23, பாஸ்டன். ரொனால்டின் சிறுநீரகம் இரட்டையன் ரிச்சர்டுக்கு. அதற்கு முன் இப்படிச் செய்து யாரும் நெடுநாள் பிழைத்ததில்லை. முந்தின நாள் ராத்திரி ரிச்சர்டு ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினான், இங்கிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விடு என்று. வந்தது வந்தாயிற்று, இங்கேதான் இருப்பேன் என்று ரொனால்டு பதில் எழுதினான். வயது 23.

ரிச்சர்டு, பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்து, இரண்டு குழந்தை பெற்று, எட்டு வருடம் இருந்தான். ரொனால்டு கணக்கு வாத்தியார் ஆகி ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 வருடம் இருந்தார், 79 வயது வரை. ஆண் எலிக் கணக்கில் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு ஆள். ஒரு ஆளை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

எட்டு வருடம். பெரியவர்களுக்கு ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை சாகும் வாய்ப்பு இரண்டு மடங்காகும் என்பார்கள். அதே எட்டு ஒருத்தனுக்குக் கல்யாணம், இரண்டு குழந்தை.

அக்டோபர் 16

அரிசோனாவில் அல்கோர் என்ற நிறுவனத்தில், என்றாவது திரும்ப உயிர்ப்பிக்கலாம் என்று செத்தவர் உடம்பை மைனஸ் 196 டிகிரியில் வைத்துக் காக்கிறார்கள். முழு உடம்பு வேண்டாம் என்றால் தலை மட்டும், அது மலிவு. 1967-லிருந்து உறைந்திருக்கிற முதல் ஆள் பெட்ஃபோர்டும் இப்போது அங்கேதான். விண்ணப்பம் இரண்டு வருடமாக என் கணினியில் பாதி நிரப்பிக் கிடக்கிறது, தலை மட்டும் என்ற கட்டத்தில் டிக் அடித்து. இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது, தலை போதும் என்று டிக் அடித்தவனுக்குச் சிறுநீரகம் எதற்கு? நுரையோடு சிரித்துவிட்டேன். வாயில் புண் இல்லை.

அக்டோபர் 18, சனி

எழும்பூர். பாண்டியன் எக்ஸ்பிரஸ். தீபாவளிக் கூட்டம், பட்டாசுப் பெட்டியைக் காலுக்கு அடியில் ஒளித்து ஒருத்தர். மாலை ஆறு மணி அடித்தபோது டாக்ஸியில் இருந்தேன். 310.

அக்டோபர் 19

தம்பி மெலிந்திருக்கிறான், ஆனால் முகம் வீங்கியிருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி, அதுதான் மோசம், தண்ணீர் ஏறும். தீபாவளி சரியாக அதன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், மோர், காபி, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து. வாய் வறண்டால் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்கிறான். எனக்கும் ஒன்று நீட்டினான், வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் சின்ன வயசில் ஐஸ்காரனிடம் வாங்கித் தின்ற மாதிரி திண்ணையில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

இடது கையில் ஊசி குத்துகிற இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. "கைய வச்சுப் பாருண்ணே, டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி இருக்கும்" என்றான். வைத்தேன். கிர்ர்ர் என்று ஓடுகிறது. ராத்திரி காதுக்கடியில் கையை வைத்துப் படுத்தால் தூக்கமே வராதாம்.

என் மாத்திரைப் பெட்டியைப் பார்த்துவிட்டான். "உனக்கு என்னண்ணே உடம்புக்கு?"

ஒன்றுமில்லை, சத்து மாத்திரை என்றேன்.

"என்னைய விட ஜாஸ்தி திங்கிற."

அக்டோபர் 20

எண்ணெய்க் குளியல். அவனுக்கு ஒரு முறுக்கு, பாதி அதிரசம். அம்மா எனக்கு மட்டும் தேன் நெல்லிக்காய் கொண்டுவந்து கையில் வைத்தாள், "நீதான் இதெல்லாம் நம்புவியே" என்று. அதியமான் கதையை இந்த நேரத்தில் யாராவது எடுத்திருந்தால் எழுந்து போயிருப்பேன். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கனி, அதைக் கொடுத்துவிட்டான், பெரிய ஆள். என்னிடம் இரண்டு இருக்கிறது. அதுதான் தொல்லையே.

கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்தாள். "நீ ஒண்ணும் கவலப்படாத."

அக்டோபர் 22

மழை. லேபில் யாருக்கு என்று கேட்டார்கள், எனக்குத்தான் என்றேன். ரத்தம் எடுத்துக்கொண்டு ஐந்து லிட்டர் வெள்ளை கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். நாளை காலை முதலில் போகிற சிறுநீரை விட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் மறுநாள் காலை முதல் தடவை வரை ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் கேனில். இது வெறும் கணக்குக்கு. இது எதையும் முடிவு செய்வதில்லை. வருடா வருடம் செய்ய வேண்டிய பரிசோதனைதான்.

சிமிழ் இன்னும் அலமாரியில். இன்று திறந்து எண்ணிப் பார்த்தேன், ஆறு.

அக்டோபர் 23, காலை 6.20

முதலாவது ஆயிற்று. கேனைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டுமாம், லேப் பெண் கடைசியில்தான் சொன்னாள். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது. பால் எடுக்க அவள் ஆறரைக்குத் திறப்பாள். துணிப்பையில் சுற்றி வைக்கலாமா என்று பார்த்தேன், சுற்றினால் இன்னும் சந்தேகமாக இருக்கிறது. அவள் எழுந்துவிட்டாள், வளையல் சத்தம்