எக்ஸின் தலையில் என்ன?

தேர்வுத் தாள் கொடுக்கும் நாளில் நம் கணக்கு வாத்தியார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், மதிப்பெண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். 1972 அரையாண்டுத் தேர்வில் "முப்பத்து நாலு" என்றதும் எழுந்து போனவன் நான். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த வேர்வை இன்னும் காயவில்லை.

கணக்கு இதுதான்: மூன்று எக்ஸ் ஸ்கொயர் ஒய். அதை நாலு எக்ஸ் ஒய் கியூபால் பெருக்க வேண்டும். குணகங்களை (முன்னால் நிற்கும் எண்களை) பெருக்கு, அடுக்குகளை (தலையில் நிற்கும் சின்ன எண்களை) கூட்டு என்பது எனக்கும் மனப்பாடம். பன்னிரண்டு சரியாக வந்தது. எக்ஸ் தலையில் 2, ஒய் தலையில் 3 என்று போட்டு முடித்துவிட்டேன். இன்னொரு எக்ஸ் மேலேயும் இன்னொரு ஒய் மேலேயும் எதுவும் எழுதியில்லையே, எதைக் கூட்டுவது?

"இந்த எக்ஸ் தலையில என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணு இருக்குடா!"

வகுப்பே சிரித்தது. எனக்கு விளங்கவில்லை. அவரும் விடவில்லை. எக்ஸின் மதிப்பு 2, ஒய்யின் மதிப்பு 1 என்று வைத்துப் பார்க்கச் சொன்னார். முதல் உறுப்பு 12, அடுத்தது 8, பெருக்கினால் 96. என் விடையில் போட்டால் 48. "பாக்கிப் பாதியை யார் தின்னா?" என்றார். பிறகு கரும்பலகையில் எக்ஸ் எக்ஸ், பக்கத்தில் ஓர் எக்ஸ் என்று பிரித்து எழுதி, சாக்பீஸால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். மூன்று. ஒய்யைத் தட்டினால் நான்கு.

"நெஜமாவே தலையில சைபர் இருந்தா சார்?" என்றான் முதல் பெஞ்சுக்காரன் ஒருவன். (இன்று நம் பழைய மாணவர் சங்கத்தில் பெரிய ஆள். பெயர் வேண்டாம்.) வாத்தியார் 8, 4, 2 என்று எழுதினார். இரண்டின் அடுக்கு 3, 2, 1. ஒரு படி இறங்கினால் பாதி. இன்னொரு படி இறங்கினால்? ஒன்று. "அப்போ எக்ஸே காணாமப் போயிடும், ஒண்ணுதான் மிஞ்சும். எக்ஸ் மட்டும் பூச்சியமா இருக்கக் கூடாது."

அடைப்புக்குள் ஸ்கொயர், வெளியே கியூப் என்று வந்தால் அடுக்குகளைப் பெருக்க வேண்டும் என்பது அடுத்த வாரப் பாடம். அதிலும் கோட்டை விட்டேன். அந்தக் கதை இங்கே எதற்கு?

பாரீஸ் வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. மேலே சின்னதாக எண் போடும் இந்த வழக்கத்தை 1637-இல் அச்சில் நிலைநிறுத்தியவர் தெக்கார்த் என்ற பிரெஞ்சுக்காரர். ஆனால் ஸ்கொயர் வரும் இடங்களில் அவரே பெரும்பாலும் 2 போடாமல் எக்ஸை இரண்டு தடவை எழுதினாராம். நம் வாத்தியார் கட்சி!

போன மாதம் பேத்தி கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். இங்கே எக்ஸ் 'இக்ஸ்', ஒய் 'இக்ரெக்'. தப்பு மட்டும் அதே தப்பு. தலையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ரியேன்" என்றாள். பிரெஞ்சுக்காரனின் 'ஒன்றுமில்லை'க்குள் ஒன்று கிடையாது, வாத்தியாரின் வித்தை அதில் பலிக்காது.

"தமிழ்ல சொல்லும்மா" என்றேன்.

பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள்.

"ஒண்ணுமில்ல தாத்தா."