அரை அங்குலம்

ஏப்ரல் 9

அம்மாவின் வயிறு ஆறும்வரை இடுப்பில் எதுவும் இறுகக் கூடாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். நாடா கூடாது, எலாஸ்டிக் கூடாது, செருகிய கொசுவத்தின் கனம்கூட வயிற்றில் விழக் கூடாது. சின்னம்மா இதையெல்லாம் தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, அம்மா கேட்ட முதல் கேள்வியையும் சொன்னாள். உள்பாவாடை கட்டாமல் எப்படிப் பாம்பன் ஸ்டேஷனில் இறங்கி வீடு வந்து சேர்வேன் என்று கேட்டாளாம். நைட்டியை அவள் தொடவே மாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து அவளுடைய பாவாடைகளை எடுத்துப் பாயில் விரித்தேன். ஐந்து இருக்கின்றன. பாப்ளினில் அவளே தைத்த ஆறு துண்டுப் பாவாடைகள் இரண்டு, கடலில் பாசி எடுக்கப் போகும்போது கட்டுகிற ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று, பழைய சுருக்குப் பாவாடை ஒன்று. அளவெடுப்பதற்கு ஆள் இங்கே இல்லை. இருப்பவை இவைதான்.

ஏப்ரல் 10

ஒன்றும் செய்யவில்லை. இரண்டு முறை தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 12

காவிநிறப் பாவாடையிலிருந்து வடிவத்தாள் எடுத்தேன். தையலைப் பிரித்துத் துண்டுகளைத் தனித்தனியாக வைத்து வரைந்தால் எளிதாக முடியும். ஆனால் அவள் கையால் போட்ட தையலைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் காக்கித் தாளை விரித்து, தாளின்மேல் பாவாடையின் ஒரு துண்டை மட்டும் சுருக்கம் இல்லாமல் நீவி வைத்து, தையல் ஓடுகிற கோட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒரு குண்டூசியாகச் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போனேன். ஊசி ஒவ்வொன்றும் தாளைத் துளைத்து ஜமுக்காளத்தில் இறங்கும். துணியை எடுத்துவிட்டால் தாளில் துளைகள் வரிசையாக நிற்கும். அவற்றை அளவுகோலால் இணைத்துவிட்டுத் தையலுக்காக வெளிப்பக்கம் அரை அங்குலம் கூட்டினால் துண்டு தயாராகிவிடும். பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் பற்சக்கரம் ஒன்று இருந்தது; அதை உருட்டினால் இந்த வேலை கால்வாசி நேரத்தில் முடியும். இங்கே அது இல்லை.

நாளிதழில் வரையக் கூடாது. மை வெள்ளைத் துணியில் ஒட்டும், துளை போட்ட இடத்தில் தாளும் கிழியும்.

ஒவ்வொரு துண்டும் இடுப்பில் 6 அங்குலம், அடியில் 13 அங்குலம், நீளம் 37 அங்குலம் என்று வந்தது. இடுப்புச் சுற்று 36, அடிச்சுற்று 78. ஒரு துண்டை எடுத்தால் போதும், மற்ற ஐந்தும் அதுவேதான் என்று நினைத்து வேலையை முடிக்கப் போனவள், சந்தேகத்துக்காக இடப்பக்கத் தையலையும் வலப்பக்கத் தையலையும் நாடாவால் அளந்து பார்த்தேன். இடப்பக்கம் 37. வலப்பக்கம் முப்பத்தேழரை.

ஏப்ரல் 13

சாம்பல்நிறப் பாவாடையிலும் வலப்பக்கம் அரை அங்குலம் கூடுதல்.

துணி இழுபட்டிருக்கலாம். ஆறு துண்டுப் பாவாடையில் ஒவ்வோர் ஓரமும் சாய்வாக வெட்டப்படுவதால், துவைத்துத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு அந்த ஓரங்கள் நீளும். அப்படியென்றால் இந்த அரை அங்குலத்தைத் தாளில் ஏற்றக் கூடாது; துணியின் களைப்பைப் புதுத் துணிக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். ஆனால் இழுபடுவதென்றால் இரண்டு பக்கமும் அல்லவா இழுபட வேண்டும்?

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். பக்கத்து வீட்டு அத்தை பாயசம் கொடுத்தனுப்பினார். அம்மாவுக்கு இன்னும் கஞ்சித் தண்ணீர்தான்.

ஏப்ரல் 15

இன்றிலிருந்து 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகா. தம்பி வலைகளைக் கரையேற்றிவிட்டு மாலை ரயிலில் மதுரைக்குப் போனான். சின்னம்மா நாளை இங்கே வந்து இரண்டு நாள் தூங்குவாள். அம்மாவிடம் வலப்பக்கத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லி அவனிடம் மூன்று முறை சொன்னேன். எந்த வலப்பக்கம் என்று அவன் மூன்று முறையும் கேட்டான்.

ஏப்ரல் 17

சுருக்குப் பாவாடையை ஊசி குத்தி வரைய முடியாது. சுருக்கம் தைத்தபின் இடுப்பில் தெரிகிற அகலம் துணியின் அகலம் அன்று. அடிமடிப்பைச் சுற்றி அளந்தால்தான் உண்மையான அகலம் கிடைக்கும், ஏனென்றால் அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள நீளச் சதுரம். அடிச்சுற்றையும் நீளத்தையும் குறித்துக்கொண்டால் போதும், தாள் வேண்டியதில்லை. அத்தனை துணியும் இடுப்பில் மூட்டையாகக் கூடுவதால் அது அம்மாவுக்கு உதவாது; மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

சின்னம்மா குளித்துவிட்டு வந்தபோது அவள் இடுப்பில் நாடா பதிந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தேன். அம்மாவுக்கும் அதே இடத்தில் அதே கோடு, அதைவிட ஆழமாக உண்டு. நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் முடிச்சு. அவிழ்த்தாலும் அந்தக் கோடு மறைவதில்லை. சின்ன வயதில் அது பிறவியிலேயே வந்தது என்றும் எனக்கும் ஒருநாள் வரும் என்றும் நினைத்திருந்தேன். எனக்கும் வந்துவிட்டது.

ஏப்ரல் 19

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் தேதியைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவளுக்குப் போட்டிருக்கிற குழாயை எடுத்த பிறகுதான் சொல்வார்களாம். குழாயை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார்களாம். ஒரு நாள் முன்னதாகவாவது தெரிந்தால்தானே நான் தைத்து முடிக்க முடியும்? ஒரு துணி எத்தனை மணி நேர வேலை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்!

கோபத்தில் வடிவத்தாளை மடிக்கத் தெரியாமல் மடித்துவிட்டேன். தேய்ப்புப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்துத் தாளை நேராக்கினேன்.

ஏப்ரல் 20

1863ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர், அளவு வாரியாக வெட்டிய தாள் வடிவங்களை விற்கத் தொடங்கினார் என்று தையல் தேர்வுக்காக உருப்போட்டது நினைவுக்கு வந்தது. அத்தகைய தாளை இந்தக் கரையில் யாரும் விலைக்கு வாங்கி நான் பார்த்ததில்லை. இங்கே அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தையற்காரர் அதைப் புதுத் துணியின்மேல் போட்டுச் சாக்பீஸால் கோடிழுத்துவிடுகிறார். உடலைத் தொடாமல் உடலை அளக்கிற இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் அளவு ஜாக்கெட்டுக்குத் தெரிந்தது பழைய உடல்தான். சின்னம்மா சொல்வதைப் பார்த்தால் அம்மா பாதியாகிவிட்டாள். வயிறு மட்டும் வீங்கியிருக்கிறதாம்.

ஏப்ரல் 22

விடியற்காலையில் வழி தெரிந்துவிட்டது. கனம் இடுப்பில் நிற்கக் கூடாது என்றால் தோளில் நிற்கட்டும்; பச்சைப் பிள்ளைகளின் பெட்டிக்கோட் அப்படித்தானே நிற்கிறது. பாவாடையைக் கீழிருந்து இடுப்பெலும்பின் மட்டம்வரை அம்மாவின் வடிவத்தாளிலிருந்தே எடுத்துக்கொண்டு, அதற்குமேல் மாற்றிவிட வேண்டும்.

இடுப்புக் கோட்டிலிருந்து 8 அங்குலம் கீழே துண்டின் அகலத்தை அளந்தேன்: ஏழரை அங்குலம். ஆறு துண்டுக்கு 45 அங்குலச் சுற்று. அந்த மட்டத்துக்கு மேலே தாளை வெட்டி எறிந்துவிட்டு, அதே ஏழரை அகலத்தில் இரண்டு கோடுகளை நேராக மேலே ஏற்றி, பழைய இடுப்புக் கோட்டையும் கடந்து இன்னும் 8 அங்குலம் கொண்டுபோனால் அக்குளின் கீழே போய் நிற்கும். மொத்த நீளம் 45. அங்கிருந்து தோளுக்கு இரண்டு பட்டைகள். 45 அங்குலச் சுற்றில் வயிற்றை எதுவும் தொடாது. இடுப்பெலும்பின் மட்டத்தில் இறுக்கமே இல்லாத ஒரு பட்டியைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் கொசுவத்தை அதில் செருகி ஊக்குக் குத்தலாம். சேலையின் கனமும் தோளுக்குப் போய்விடும்.

வெட்டி எறிந்த தாள்துண்டு மேசைக்கடியில் கிடக்கிறது. அந்த அரை அங்குலம் அதில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 23

இராமநாதபுரம் போனேன். 36 அங்குலப் பன்னாவில், அதாவது துணி அகலத்தில், இது அடங்காது என்பதைப் பேருந்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மூன்று துண்டுகளை அடுக்கினால், தையல் ஓரத்தோடு 14, எட்டரை, 14 என்று முப்பத்தாறரை வருகிறது. அரை அங்குலத்தால் தவறுகிறது. எங்கே திரும்பினாலும் இந்த அரை அங்குலம்! 44 அங்குலப் பன்னாவில் வெள்ளை மல் துணி இரண்டரை மீட்டர் எடுத்தேன். பாப்ளினைவிட மென்மையானது, ஆறாத தோலில் உறுத்தாது.

ஏப்ரல் 24

பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே சுருங்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பு துணியை விறைக்க வைப்பதால், குடிக்க வாங்கிய தண்ணீரில் இரண்டு குடம் ஊற்றி ஊறப்போட்டேன். சின்னம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. உலர்த்தி அளந்தபோது நீளத்தில் 3 அங்குலம் குறைந்திருந்தது. எனக்கு மேல்மடிப்பும் அடிமடிப்பும் சேர்த்து 47 அங்குலத்தில் இரண்டு வரிசை, 94 அங்குலம் வேண்டும். துணியில் மிஞ்சுவது ஒன்றரை அங்குலம்.

ஏப்ரல் 25

குழாய் எடுத்தாயிற்று.

ஏப்ரல் 26

பழைய வேட்டியில் வெட்டி நூலோட்டி, சின்னம்மாவை உடுத்தச் சொன்னேன். கையைத் தூக்கினாள், உட்கார்ந்தாள், பாயில் படுத்து எழுந்தாள். அக்குளில் மட்டும் பிடித்தது. தாளில் அந்த இடத்தை வளைவாகக் குறைத்தேன். வேட்டித் துணிதானே என்று கழற்றச் சொன்னால் கழற்ற மறுக்கிறாள், அவ்வளவு காற்றோட்டமாக இருக்கிறதாம். அவளுக்கும் ஒன்று தைக்க வேண்டும்.

ஏப்ரல் 28

தூக்கம் வரவில்லை. காவிநிறப் பாவாடையை விளக்கடியில் வைத்து, துணி எண்ணுகிறவர்கள் பார்ப்பதுபோல் இழை இழையாகப் பார்த்தேன். துணி இழுபட்டிருந்தால் ஊடை இழைகள் அந்த இடத்தில் வளைந்து, பாவிழையோடு செங்கோணம் தவறி நிற்க வேண்டும். வளையவில்லை. ஊடை இழை நேராக ஓடுகிறது; துண்டின் மேல் ஓரம்தான் அந்த இழையை விட்டு விலகி வலப்பக்கம் அரை அங்குலம் ஏறிப் போகிறது. இது தேய்மானம் இல்லை. கத்தரியால் அப்படியே வெட்டப்பட்டது. சாம்பல்நிறப் பாவாடையிலும் அப்படித்தான்; உப்பேறி விறைத்துப்போன பாசிப் பாவாடையிலும் அப்படித்தான்.

கடைப் பாவாடையை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு பக்கமும் ஒரே நீளம். ஆனால் அதன் அடிமடிப்பு இடப்பக்கம் மட்டும் தரையில் உரசி நைந்து கிடக்கிறது. வலது இடுப்பு உயர்ந்தவள் கட்டினால் துணி வலப்பக்கம் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் தாழும். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தாளும் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் தனக்கு மட்டும் அரை அங்குலம் ஏற்றி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வலது இடுப்பில் பாசிச் சாக்கு கட்டியதாலா, குடம் சுமந்ததாலா, நாங்கள் பிறப்பதற்கு முன்பே அப்படியா?

தோளில் தொங்குகிற துணிக்கு அந்த அரை அங்குலம் வேண்டுமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இடுப்பைப் பிடிக்காததால் வேண்டியதில்லை என்கிறது கணக்கு. ஆனாலும் துணி அந்த எலும்பின்மேல் வழிந்துதானே இறங்க வேண்டும்?

ஏப்ரல் 29

வெட்டினேன். மேலே எதையும் ஏற்றவில்லை. வலப்பக்க இரண்டு துண்டுகளுக்கு மட்டும் அடியில் அந்த அரை அங்குலத்தை விட்டுவைத்தேன். மிஞ்சியிருந்த ஒன்றரை அங்குலம் அதற்கு உதவியது.

மே 1

கால்மிதி இயந்திரத்தின் பெல்ட் அறுந்து, கம்பி போட்டு இணைத்து, ஆறு துண்டுகளையும் சேர்த்துவிட்டேன். தையல் அனைத்தையும் மடித்து உள்ளே மறைத்துத் தைத்தேன். ஒரு பிசிர்கூட அவள் வயிற்றில் படக் கூடாது. கொசுவப் பட்டியும் தோள்பட்டைகளும் முடிந்தன. அடிமடிப்பை இன்னும் தைக்கவில்லை. சாய்வான ஓரங்கள் இறங்கும்வரை ஓரிரவாவது தொங்கவிட வேண்டும். கொடியில் கிளிப்புப் போட்டு உள்ளறையில் மாட்டியிருக்கிறேன். கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் சன்னலைச் சாத்தினேன். வெள்ளையாக, யாரோ நிற்பதுபோலவே இருக்கிறது.

மே 2

தம்பி ஒருவழியாகக் கேட்டுவிட்டான். அம்மா சிரித்தாளாம். வயிறு வலிக்கும் என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். "அவள் கண்டுபிடிச்சிட்டாளா" என்று மட்டும் சொன்னாளாம், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மே 3

நாளை காலை ரயில். அடிமடிப்பை அவள் உடுத்தி நின்ற பிறகுதான் குறிப்பேன். தரையிலிருந்து குச்சியை நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தால் வலப்பக்கத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்துவிடும். குச்சியைத் தேடி வைத்துவிட்டேன். அவளால் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று தம்பியிடம் கேட்டேன். ஐந்து நிமிடம் என்கிறான். குண்டூசிகளை இப்போதே எண்ணி எடுத்து வைக்க வேண்டும், சாக்பீஸையும்