பாங்காக் வீட்டு விரிசலுக்கு இழப்பீடு வாங்கிய கதை

நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட எங்கள் பாங்காக் வீட்டுக்கு ஒருவழியாகக் காப்புறுதிப் பணம் வந்துவிட்டது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சிங்கப்பூரில் இருந்துகொண்டே எங்களைப் போலப் பாங்காக்கில் சின்னதாக ஒரு கூட்டுரிமை வீடு (காண்டோமினியம்) வாங்கிப்போட்டவர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். தேக்காவில் பார்த்தால் எவ்வளவு கொடுத்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள். எதற்குக் கொடுத்தார்கள், எதற்குக் கையை விரித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காசு போவது அங்கேதான்.

2025 மார்ச் 28 அன்று மியன்மாரின் சகாயிங் அருகே நிலம் அதிர்ந்தது. அளவு 7.7. பாங்காக் அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். ஆனாலும் நகரத்துக்கு அடியில் இருக்கும் மென்களிமண், தொலைவிலிருந்து வரும், மெதுவாக ஆடும் அதிர்வலைகளைப் பெருக்கிவிடும். உயரமான கட்டடங்கள்தான் அதிகம் ஆடும். 2007இல் சுமத்ரா நிலநடுக்கத்தின்போது நம் ஊரிலும் பலர் மாடியிலிருந்து இறங்கி ஓடினார்களே, அது போலத்தான். பாங்காக்கின் சத்துசாக் வட்டாரத்தில் கட்டிக்கொண்டிருந்த 30 மாடி அரசுத் தணிக்கை அலுவலகம் அப்படியே சரிந்து விழுந்ததை எல்லாரும் காணொளியில் பார்த்தோம்.

எங்கள் கட்டடத்தில் தூணுக்கும் உத்தரத்துக்கும் சேதமில்லை என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் மூலைக்கு மூலை வெடித்திருந்தன. குளியலறையில் பதித்த கற்கள் (டைல்ஸ்) உதிர்ந்திருந்தன. ஒரு கதவு சட்டத்தோடு இறுகிவிட்டது.

வாடகைக்கு இருப்பவர் பாங்காக்கின் சீலோம் வட்டாரத்தில் ரத்தினக்கல் வியாபாரம் செய்கிற தம்பி, காரைக்குடிப் பக்கத்துக்காரர். கட்டடத்துக்குள் போக அனுமதி கிடைத்ததும் அவர் செய்த முதல் வேலை, ஒவ்வொரு விரிசலின் மேலும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்தது. வீட்டு எண் தெரியும்படி வாசல் கதவையும் எடுத்தார். பிறகு அந்தப் படங்களை ‘டிராஃபி ஃபாண்டு’ செயலியில் ஏற்றிவிட்டார். பாங்காக் மாநகராட்சிக்குக் குப்பை, குழி, தெருவிளக்கு பற்றியெல்லாம் மக்கள் புகார் அனுப்பும் செயலி அது. நிலநடுக்கத்துக்குப் பின் விரிசல் படங்களை அதில்தான் அனுப்பச் சொன்னார்கள், பொறியாளர்கள் பார்த்துச் சொல்வார்கள் என்று. ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பினார்கள். “எதற்கும் இருக்கட்டும் அக்கா” என்றார் தம்பி. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

ஏனென்றால், காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வருவதற்குள் கட்டட நிர்வாகம் ஆளை அனுப்பிச் சுவரைப் பூசி வெள்ளையும் அடித்துவிட்டது! குடியிருப்பவர்கள் பயந்து காலி செய்கிறார்களாம், பார்க்க நன்றாக இருக்க வேண்டுமாம். மதிப்பீட்டாளர் வந்தார், தட்டிப் பார்த்தார், “சுவர் நன்றாகத்தானே இருக்கிறது” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். தொலைபேசியில் அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கைப்பேசிப் படத்தை மட்டும் காட்டினால் எந்தத் தேதியில் எடுத்ததோ என்பார்கள். மாநகராட்சிச் செயலியில் தேதியோடும் புகார் எண்ணோடும் பதிவானதை யாராலும் அப்படித் தள்ள முடியவில்லை. மதிப்பீட்டாளர் மறுபடியும் வந்தார். இந்த முறை பூச்சைச் சுரண்டிப் பார்த்தார்.

அடுத்தது அதிகாரப் பத்திரம், அதாவது ஒருவருக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போட உரிமை தரும் பத்திரம். வீடு என் வீட்டுக்காரர் பெயரில். அவருக்கு விடுப்புக் கிடைக்காது, நான்தான் போக வேண்டும். இங்கே நோட்டரி வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரம் எழுதி வாங்கினோம். சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் சான்றும் சேர்ந்து வந்தது. எந்த நாட்டிலும் இது செல்லும் என்று அலுவலகப் பெண் உறுதியாகச் சொன்னார். பாங்காக்கில் அதைப் புரட்டிப் பார்த்த எழுத்தர், “உங்கள் ஊரில் இருக்கும் எங்கள் தூதரகத்தின் முத்திரை எங்கே?” என்றார். தூதரக முத்திரை இல்லாமலே ஒரு நாட்டின் சான்றை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள வைக்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அப்போது தாய்லாந்து இல்லை. ஆகவே சட்டக் கழகச் சான்றோடு தூதரகச் சான்றும் வேண்டியிருந்தது. விமானச் செலவு வீண். மியன்மாரில் இடிபாடுகளுக்குள் ஆள் தேட நம் குடிமைத் தற்காப்புப் படை இயந்திரம் பொருத்திய கரப்பான்பூச்சிகளைக்கூடக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. ஆனால் எங்களுடைய ஒரு தாள் பாங்காக்கில் செல்லுபடியாகவில்லை. திரும்பி வந்தபின் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருக்கும் தாய்லாந்துத் தூதரக வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. தாய் மொழிபெயர்ப்பும் முடிந்தது.

பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் தந்தை பெயருக்கு முன்னால் இருக்கும் ‘எஸ்/ஓ’வை (இன்னாரின் மகன் என்பதன் சுருக்கம்) காப்புறுதி நிறுவனத்தில் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘திரு எஸ்ஓ’வுக்குக் கடிதம் வந்தது, உரிமைப் பத்திரத்தில் வேறு மாதிரி, வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழியை அதிகாரப் பத்திரத்தோடு சேர்த்தே நோட்டரியிடம் வாங்கிவிடுங்கள்.

இனி பணக் கணக்கு. கட்டடத்தின் பொதுக் காப்புறுதி, வீட்டைக் கட்டித் தந்தபோது இருந்த சுவர், கதவு, பூச்சுக்கு மட்டும் கொடுத்தது. நாங்கள் பிறகு மாற்றிய குளியலறைக் கற்களுக்கு எங்கள் சொந்தக் காப்புறுதியைக் கேட்கச் சொன்னார்கள். அது அங்கே வழக்கமாக எடுக்கிற வீட்டுத் தீக் காப்புறுதி. புயல், வெள்ளம், நிலநடுக்கம், ஆலங்கட்டி மழை நான்குக்கும் சேர்த்து ஆண்டுக்கு 20,000 பாட்தான் வரம்பு. வீட்டையே கொளுத்தியிருந்தால் முழுத்தொகையும் கிடைத்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். கொளுத்தினாலும் கொடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு.

நிலநடுக்க வரம்பை உயர்த்தித் தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். கூடுதல் சந்தாவுக்கான கணக்கை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கற்களுக்குப் போதாமல் போன மீதிப் பணத்தைக் கையிலிருந்து போட்டோம். தம்பிக்கு இரண்டு மாத வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.