அம்மாயி எந்த நிரல்ல இருக்காங்க?

போன சனத்தொகை கணக்கெடுப்புக்கு எங்க லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஆள் வந்தப்ப நான் வீட்டுலதான் இருந்தேன், கையில டெப்லட் வச்சிருந்தாரு, அம்மாயிகிட்ட இனம் என்னம்மான்னு கேட்டாரு. தமிழ்னு சொன்னாங்க. இலங்கைத் தமிழா, இல்ல இந்தியத் தமிழர் மலையகத் தமிழர்னு போடவான்னாரு. அம்மாயி அடுப்புல ரொட்டிய திருப்பிக்கிட்டே, "நான் பொறந்தது இங்க, கொழுந்தெடுத்தது இங்க, இந்தியாவ கண்ணால பாத்ததில்ல தம்பி, இலங்கைன்னே போடுங்க"ன்னாங்க. அட்டவணையில இலங்கைத் தமிழர் நிரல்லயே போட்டாரு. பக்கத்து காம்பராவுல அக்கா மலையகத் தமிழர்னு குடுத்திருக்காங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு செவருதான், ரெண்டு பேரும் ஒரே மலையில கொழுந்தெடுத்தவங்க.

இத ஏன் சொல்றேன்னா, அந்த 2024 கணக்கெடுப்பு முடிவு வந்தப்ப நம்ம மலையகத் தமிழர் 600,360 பேர், நாட்டு சனத்தொகையில 2.8 வீதம்னு போட்டிருந்திச்சு. 2012ல 839,504, அதாவது 4.1 வீதம். பாத்த ஒடனே எல்லாரும் மலையக மக்கள் அழிஞ்சுக்கிட்டு வாறாங்கன்னு ஷேர் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. 1971ல 1,174,606 பேர் இருந்து 1981ல 818,656ஆ கொறஞ்சதுக்கு காரணம் தெளிவா இருக்கு, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு கப்பலேத்தி அனுப்பினாங்க, எங்க குடும்பத்துலயே பாதி கோயம்புத்தூர் பக்கம் போயிருச்சு. ஆனா 2012க்கு பொறகு அப்பிடி ஒரு கப்பலும் போகல. அதே காலத்துல இலங்கைத் தமிழர் 11.2 வீதத்துல இருந்து 12.3 ஆயிருக்கு. வெளிநாடு போனவங்களும் இருக்காங்கதான், ஆனா பெரும்பகுதி எங்க அம்மாயி மாதிரி ஒரு நிரல்ல இருந்து பக்கத்து நிரலுக்கு போனவங்கன்னுதான் நான் நெனைக்கிறேன். 1911ல இருந்துதான் இந்த ரெண்டு நிரலையும் பிரிச்சு எண்ணுறாங்க, எந்த நிரல்ல நிக்கிறோம்னு நம்மளே ஒரு முடிவுக்கு வரல.

அப்ப தோட்டத்துறைன்னு இருக்கற கணக்க எடுத்தா சரியா வந்துருமான்னா, அதுவும் வராது. 20 ஏக்கருக்கு கொறையாம, குடியிருக்கற தொழிலாளி 10 பேராச்சும் இருந்தாத்தான் கணக்கெடுப்புத் திணைக்களம் அத தோட்டம்னு எடுக்கும். ஹட்டன் டவுன்ல ரூம் எடுத்து இருக்கற நம்ம பொடியன் அதுல இல்ல, தோட்டத்துல இருக்கற சிங்கள, முஸ்லிம் குடும்பம் அதுல இருக்கு.

வறுமை கணக்கும் இதே கததான். வீட்டு வருமான செலவு ஆய்வுல தோட்டத்துறை வறுமை 2016ல 8.8 வீதம், 2019ல 33.8 வீதம். மூணு வருசத்துல மூணுல ஒரு பங்கு தோட்டம் கவுந்திருச்சுன்னு எழுதறாங்க, இல்லங்க, வறுமைக்கோட்டையே 2002 அடிப்படையில இருந்து 2012/13 அடிப்படைக்கு மாத்தினாங்க, கோடு மேல போச்சு, அதுக்கு கீழ நம்ம சனம் முந்தியும் இருந்திச்சு.

இதே கணக்க வச்சு நான் ஒரு மேப் போட்ட கதைக்கு வாறேன். புள்ளக்காம்பரா, அதாவது வேலைக்கு போற அம்மாமாரோட புள்ளைங்கள பாத்துக்கற எடம், எங்க எங்க தேவைன்னு காட்டணும், ஒரு மேப் போட்டுக் குடுன்னு ஒரு கூட்டாளி கேட்டான். 2012 கிராம சேவகர் பிரிவு (ஜீஎஸ் பிரிவு, ஆகச் சின்ன நிர்வாகப் பிரிவு) கணக்கையும் எல்லை ஃபைலையும் எறக்கி கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாப்ட்வேர்ல போட்டேன். பேர வச்சு சேத்தா சேரவே மாட்டேங்குது, தலவாக்கலைக்கு ஒரு ஃபைல்ல ஒரு எழுத்து கூட, இன்னொண்ணுல கொறைய, பொகவந்தலாவைக்கு எச் ஒரு எடத்துல இருக்கு ஒரு எடத்துல இல்ல. பேர விட்டுட்டு பிரிவோட கோட் இலக்கத்த வச்சு சேருங்க. மாகாணம் ஒரு இலக்கம், மாவட்டம் ஒண்ணு, பிரதேச செயலகம் ரெண்டு, ஜீஎஸ் பிரிவு மூணு, மொத்தம் ஏழு. நுவரெலியா மாவட்டம்னா 23ல ஆரம்பிக்கும். எக்செல் 005ஐ வெறும் 5ஆ ஆக்கிரும், நான் ஒரு ராத்திரி முழுக்க இதுலதான் கெடந்தேன், அதனால அந்த நிரல திறக்கும்போதே டெக்ஸ்ட்னு மாத்திருங்க.

சேத்து ஆள் நெருக்கத்துக்கு ஏத்த மாதிரி கலர் அடிச்சா அம்பகமுவ பிரதேச செயலகப் பக்கம் வெளிரிப் போய் கெடக்கு, ஆளே இல்லாத மாதிரி. ஏன்னா அந்த எல்லைக்குள்ள சிவனொளிபாதமல காடு இருக்கு, காசல்ரீ, மவுசாக்கல தண்ணி இருக்கு, தேயில மல இருக்கு, எல்லாத்துக்கும் சேத்து ஆள பங்கு போட்டா வெளிரத்தான் செய்யும். ஆளுங்க இருக்கறது லயத்துல, நெருக்கி அடிச்சுக்கிட்டு. சரி செட்டலைட்ல கட்டடத்த எண்ணி ஆள பிரிக்கிற மேப்ப எடுப்போம்னா, மேல இருந்து பாத்தா ஒரு லயம் ஒரே தகரக் கூரை, ஒரே கட்டடம். உள்ள பத்து பன்னெண்டு குடும்பம். டவுன்ல ஒரு கூரைக்கு ஒரு குடும்பம்னு பழகின கணக்கு இங்க நம்மள காணாம ஆக்கிருது, இது எனக்கு ரொம்ப வலிச்சது.

கடைசியில கலர் அடிக்கிறத விட்டுட்டு லயம் லயமா புள்ளி வச்சேன். அதுக்கும் ஒரு சிக்கல், தோட்டத்துல மேல் டிவிசன் கீழ் டிவிசன்னு நம்ம சொல்றது தோட்டத்து டிவிசன், ஜீஎஸ் டிவிசன் வேற, ஒரு தோட்டம் ரெண்டு ஜீஎஸ் பிரிவுல கெடக்கும். கொழுந்து நிறுக்கற எடத்துல நின்னு அக்காமாருகிட்ட எந்த லயத்துல எத்தன கைப்புள்ளன்னு கேட்டுத்தான் நெரப்பினேன். அவங்களுக்கு எல்லாம் பேரோட தெரியுது.

இன்னொண்ணு, 2012ல நுவரெலியா மாவட்டத்துல 5 பிரதேச செயலகம், இப்ப 10. நோர்வூட், தலவாக்கலை எல்லாம் தனியா பிரிஞ்சிருச்சு, அதனால அம்பகமுவ 2012ன்னும் அம்பகமுவ 2024ன்னும் பக்கத்துல வச்சு கொறஞ்சிருச்சுன்னு சொல்லாதீங்க, ஜீஎஸ் மட்டத்துக்கு எறங்கி கூட்டிப் பாருங்க.

கோட் சரி பண்ணின என் ஃபைல் வேணும்னா கேளுங்க, அனுப்பிர்றேன். மஸ்கெலியா பக்கம் லயப் புள்ளி பாதிதான் வச்சிருக்கேன், அந்தப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் பாத்து எங்க விட்டிருக்கேன்னு சொல்லுங்க.