ஒன்பதாம் மாதத்து மூக்கு

அழகுக்காக மூக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு எனக்கு 9 மாதங்கள் ஆகின்றன. வீக்கம் எப்போது வடியும் என்று கேட்பவர்கள் நாள் கணக்கில் பதிலை எதிர்பார்க்கிறார்கள். மாதக் கணக்கில்தான் சொல்ல முடியும் என்பதை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்று இருந்தது. அது உண்மைதான். ஆனால் அதையே மூக்கு ஆறிவிடும் காலமாக நான் எடுத்துக்கொண்டேன். அப்படியல்ல என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

மூக்கெலும்பை வெட்டி நெருக்கியிருந்ததால் கண்களுக்குக் கீழே ரத்தம் கட்டி, மூன்றாம் நாள் நாவற்பழ நிறமாகி, பிறகு மஞ்சளித்து, இரண்டு வாரத்துக்குள் மறைந்தது. என்னைக் கலங்கடித்தது அதுவன்று. ஏழாம் நாள் மூக்கின் மேலிருந்த அச்சுக்கட்டைப் பிரித்தபோது, நுனி உருண்டு, மேல்நோக்கித் தூக்கி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்குச் செய்தது திறந்த முறை. இரு நாசிகளுக்கும் இடையிலுள்ள சதையில் கீறி, நுனித் தோலை மேலே தூக்கி, உள்ளிருக்கும் குருத்தெலும்பைச் செதுக்குவார்கள். அப்போது அங்கிருக்கும் மெல்லிய நிணநீர்ப் பாதைகளும் அறுபடுவதால், அவை மீண்டும் சீராகும்வரை தேங்கிய நீர் மெதுவாகத்தான் வடியும். மேல்தண்டில் தோல் மெல்லியது என்பதால் அங்கே வடிவம் முதலில் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்து தடித்த தோலுள்ள நுனிதான் கடைசி. ஆகவே இரண்டாம், மூன்றாம் மாதத்தில் தண்டு ஒடுங்கி, நுனி மட்டும் பருத்து, மூக்கு முன்பைவிடப் பொருத்தமற்றுத் தெரிவது இயல்பே. நுனி முழுமையாக அடங்க ஓர் ஆண்டு ஆகும். என்னைப் போலத் தடித்த தோல் உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். திருத்த அறுவை சிகிச்சையைக் குறைந்தது ஓர் ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்வதும் இதனால்தான். நான்காம் மாதத்திலேயே அதைச் செய்யச் சொல்லி நான் அழுதிருக்கிறேன். மருத்துவர் மறுத்ததற்கு இன்று நன்றி சொல்கிறேன்.

வீக்கம் ஒரே சீராகவும் குறைவதில்லை. காலையில் கூடியும் மாலையில் குறைந்தும் இருக்கும். முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் மறுநாள் காலை நுனி இறுகிக் கனப்பதை நான் உணர்ந்திருக்கிறேன். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட இரண்டு மாதம் பின்தங்கியது. நுனியைத் தொட்டால் வேறொருவர் மூக்கைத் தொடுவது போல் மரத்திருந்தது. மேலுதடு விறைத்து, பல் துலக்கவும் வாய்விட்டுச் சிரிக்கவும் முதல் சில வாரங்கள் சிரமப்பட்டேன். ஆனால் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றைப் பொறுமையின் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கண்ணாடி முன் நிற்பதை விட்டுவிட்டு, மாதத்தின் முதல் தேதியில், ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில் படம் எடுக்கத் தொடங்கினேன். ஏழாம் மாதப் படத்தில்தான் நுனிக்கு மேலே மெல்லிய பள்ளம் ஒன்று முதன்முதலாகத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன்; மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அடுத்த படத்துக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது.