பட்டியலில் ஒரு பெயர் ஏறும் வரை

எங்கள் ஏட்டையா இறந்தது செப்டம்பர் மாதத்தில். நெடுஞ்சாலையில் இரவு வாகனத் தணிக்கை. கை காட்டியும் நிற்காமல் வந்த லாரி. வழக்கு நடக்கிறது, அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நான் என்பதால் அவர் வீட்டுக்கும் அலுவலகங்களுக்கும் நடுவில் அலைகிற பொறுப்பு என்னிடம் வந்தது. நாளைக்கு இந்த வேலை வேறு யார் தலையிலாவது விழலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இறுதி மரியாதையில் துறை எந்தக் குறையும் வைக்காது. குண்டு முழக்கம், மலர்வளையம், அதிகாரிகள் எல்லாம் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்துதான் காகிதம் ஆரம்பிக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டும் எப்படியும் வந்துவிடும். அந்த நேரத்தில் அவர் டூட்டியில்தான் இருந்தார் என்பதைக் காட்டும் ஜி.டி. (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு) பதிவின் நகலை மட்டும் மறக்காமல் அன்றைக்கே எடுத்து வையுங்கள். பின்னால் எந்த மேசைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழும் சொந்த ஊரில் கிடைக்காது. உயிர் எங்கே பிரிந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு அது பக்கத்து மாவட்டத்து மருத்துவமனை.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை முடிந்து தாசில்தார் கையெழுத்துக்குப் போகும். அங்கேதான் இனிஷியல் வந்து மறித்தது. பணிப்பதிவேட்டில் அவருக்கு இரண்டு இனிஷியல், ரேஷன் கார்டில் ஒன்று. அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி; அண்ணியின் பெயரிலும் ஓரிடத்தில் குறில், இன்னோரிடத்தில் நெடில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கிக் கொடுத்த பிறகே ஃபைல் நகர்ந்தது. பணிப்பதிவேட்டைப் புரட்டும்போது தனக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதும் நாமினேஷன் பக்கத்தைப் பார்த்தேன். கல்யாணமான கையோடு அண்ணி பெயருக்கு மாற்றி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். ஸ்டேஷனில் தன் லத்தியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற மனுஷன்! பணிக்கொடை, ஜி.பி.எஃப். என்கிற சேமநல நிதி, குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அதனால் பெரிய சிக்கலில்லாமல் போயின.

கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், அதனால் அண்ணியே விண்ணப்பித்தார். ஏட்டையாவின் அம்மா பெயரும் வாரிசுச் சான்றிதழில் இருப்பதால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் தாளை நீட்டினேன். அந்தப் பாட்டி, "இதுல கையெழுத்துப் போட்டா எம் புள்ள கணக்கு முடிஞ்சிருமாப்பா?" என்று கேட்டார். இல்லை ஆத்தா, மருமகளுக்கு வேலைக்குத்தான் என்று பல தடவை சொன்ன பிறகு கைநாட்டு வைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் அக்டோபர் 21 வந்தது, காவலர் வீரவணக்க நாள். 1959-இல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டதில் நம் காவலர்கள் 10 பேர் இறந்தார்கள். முந்தின நாள் ரோந்து போய்த் திரும்பி வராத சக காவலர்களைத் தேடி, காவல் அதிகாரி கரம் சிங் தலைமையில் கிளம்பிய குழு அது. அதன் நினைவாகத்தான் நாடு முழுக்க ஒவ்வொரு வருஷமும் பணியில் உயிர்நீத்த காவலர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள்.

அண்ணியும் ஆயுதப்படை மைதானத்துக்கு வர விரும்பினார். ஆனால் அந்தப் பட்டியலுக்கு ஒரு கணக்கு உண்டு. முந்தின செப்டம்பர் 1 முதல் இந்த ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள்தான் அதில் வருவார்கள். ஏட்டையா செப்டம்பரில் போனதால் அவர் பெயர் அடுத்த வருஷம்தான். இதை முன்கூட்டி யாரும் குடும்பத்திடம் சொல்வதில்லை. நான் முந்தின நாளே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நாளைக்கு வாசிக்கிறவங்க வீட்டுலயும் போன வருஷம் இப்படித்தான் சில பேரு காத்திருந்திருப்பாங்க, இல்ல தம்பி? நான் வர்றேன்" என்றார். வந்து, யார் யாரோ பெயர்களைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். என்னைக் கேட்டால், அன்று மைதானத்தில் அந்தப் பட்டியலை முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நாங்களெல்லாம் அணிவகுப்பில் கால் மரத்துப்போய் எப்போது முடியும் என்று நின்றிருந்தோம்.

அடுத்த வருஷப் பட்டியலுக்கு விவரம் கேட்டுக் கடிதம் வந்ததும், டைப் அடித்த தாளை அனுப்புவதற்கு முன் அண்ணிக்குப் போன் போட்டு எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினேன். இரண்டு இனிஷியல், ஊர், பதவி. இதற்கு எந்த விதியும் கிடையாது, ஆனால் செய்யுங்கள். மேலே போய்விட்டால் திருத்துவது பெரும்பாடு.

அந்த அக்டோபரில் பெயர் வந்தது. வாசித்த அதிகாரி அவசரப்படாமல், பிசகாமல் சொன்னார். பிறகு துப்பாக்கிகள் முனை கீழாகத் திரும்பின, பியூகிள் ஊதினார்கள். பையன் மட்டும் கடைசிவரை நிமிர்ந்தே நின்றான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேலை ஆணை இன்னும் வரவில்லை, ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. டெல்லி சாணக்யபுரியில் 2018-இல் திறந்த தேசியக் காவலர் நினைவிடத்தைப் பற்றி அண்ணியிடம் சொன்னேன். சுதந்திரத்துக்குப் பின் பணியில் இறந்த காவலர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்த சுவர் அங்கே இருக்கிறது. பையனுக்கு முழுப்பரீட்சை முடியட்டும், போகலாம் என்றார்.

"அவரு பேரு ஏறியிருக்கான்னு பார்க்கணும் தம்பி. ஏறியிருந்தா இனிஷியல் சரியா இருக்கான்னும் பார்த்துடணும்."

பணிப்பதிவேட்டு நகலைக் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.