கம்ப்யூட்டர் வாங்கிய கணக்கு

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுவது என் வேலை. எத்தனை கிரேட் வந்தது, ஏலம் என்ன விலைக்குப் போனது, கமிஷன் எவ்வளவு, இறக்குகூலி எவ்வளவு என்று விடியுமுன்னே பேனாவைப் பிடிக்கிறவள். படம் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "செலவு எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் இது.

படம் பெரிதாக ஒன்றுமில்லை. மாசி, பங்குனியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் போனால் திண்ணைகளில் பெண்கள் புளி தட்டுவதைப் பார்க்கலாம். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, பழத்தைக் கல்லின் மேல் வைத்து இரும்பால் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. என் அம்மாவுக்கு அதுதான் பிழைப்பு. அந்த 'டக் டக்' சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தேன். அதைப் பத்து நிமிடப் படமாக்க வேண்டும் என்று ஆசை. கேமரா என் கைப்பேசிதான். ஒரு சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்ததில் ஆறு மணி நேரக் காட்சிகள் சேர்ந்துவிட்டன.

அப்புறம்தான் அதை எதில் வெட்டுவது, எதில் ஒட்டுவது என்ற யோசனையே வந்தது.

முதல் தவறு 22,000 ரூபாய். பழைய கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடை ஒன்றில் "ஐ7 லேப்டாப், வீடியோ வேலைக்கு இதுதான் ராஜா" என்றார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பவை கணினியின் மூளையான இன்டெல் சில்லுகளின் வரிசைப் பெயர்கள். ஏழு ஐந்தைவிடப் பெரிது என்பது எனக்கும் தெரியுமே, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் காட்சி ஒன்றை எந்த எடிட்டிங் மென்பொருளும் இல்லாமல், வெறும் பிளேயரில் ஓட்டினேன். அம்மாவின் கை மேலே போய் அங்கேயே நின்றது. இரண்டு விநாடி கழித்துக் கல்லின் மேல் இருந்தது. நடுவில் நடந்தது எதுவும் திரையில் இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி போனில் கேட்டான்: "ஐ7 இருக்கட்டும், அதற்குப் பின்னால் என்ன எண் போட்டிருக்கிறது?" நான்கில் தொடங்கும் எண். அப்படியென்றால் நான்காம் தலைமுறை. அந்தத் தலைமுறைச் சில்லுகளில் எச்.265 என்ற வகை வீடியோவைப் பிரித்துக் காட்டும் தனிப் பகுதி கிடையாது. ஆறாம் தலைமுறையில்தான் அது வந்தது. என் கைப்பேசியோ எச்.265இல், அதுவும் 4கே என்ற மிகப் பெரிய பட அளவில் பதிவு செய்துகொண்டிருந்தது. செட்டிங்கில் எது பெரிதோ அதைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். பழைய ஐ7ஐவிடப் புதிய ஐ3 இந்த வேலையை நன்றாகச் செய்யும் என்றான் தம்பி. லேப்டாப்பை 13,000க்குத் தள்ளிவிட்டேன். 9,000 நட்டம் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

எச்.264, எச்.265 என்பவை என்ன என்று தெரிந்துகொண்டது அப்போதுதான். எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்கிறேன். மண்டிப் பேரேட்டில் ஒரே விவசாயியின் சரக்கு வரிசையாக வந்தால், முதல் வரியில் பெயர், ஊர், ரகம் எல்லாம் முழுதாக எழுதுவோம். அடுத்த வரிகளில் 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டு, மாறியதை மட்டும் எழுதுவோம். இடம் மிச்சம், மை மிச்சம். ஆனால் பதினான்காம் வரி யாருடையது என்று ஒருவர் கேட்டால், விரலை வைத்து மேலே மேலே போய் முதல் வரியைப் பிடித்தாக வேண்டும். கைப்பேசி வீடியோவும் இப்படித்தான் எழுதப்படுகிறது. ஒரு படம் முழுதாக. பின்வரும் படங்களில் பெரும்பாலும் மாறிய பகுதிகள் மட்டும். நேராக ஓட்டிப் பார்க்கும்போது சிரமம் குறைவு. எடிட்டிங்கில் நாம் நடுவில் குதிக்கிறோம், பின்னால் போகிறோம், நான்கு கிளிப்புகளை ஒன்றாக நிறுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் கணினி விரலை வைத்து மேலே ஓட வேண்டியிருக்கிறது. எச்.265 இன்னும் கஞ்சத்தனமான கணக்குப்பிள்ளை. இடம் குறையும், பிரித்துப் படிக்க உழைப்பு கூடும்.

ஆகவே கம்ப்யூட்டர் கடைக்குப் போகுமுன் உங்கள் கேமரா எழுதும் கோப்பு எந்த வகை, நிமிடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். என்னுடையது விநாடிக்கு 50 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 6.25 எம்பி, நிமிடத்துக்கு 375 எம்பி. ஆறு மணி நேரத்துக்கு 135 ஜிபி. எத்தனை ஜிபி டிஸ்க் வேண்டும் என்று கடைக்காரர் எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இதோடு போய்விட்டது.

மென்பொருளை இயந்திரத்துக்கு முன்பே முடிவு செய்தேன். அடோபி நிறுவனத்தின் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளை விலைக்கு வாங்க முடியாது. அந்த நிறுவனம் 2013இல் சந்தா முறைக்கு மாறிவிட்டது. சந்தாவை நிறுத்தினால் மென்பொருளும் நிற்கும். ஆண்டுக்கு ஒரு படம் எடுக்கிறவளுக்கு மாத வாடகை கட்டுப்படியாகாது. "கிராக் போட்டுத் தருகிறேன் அக்கா" என்று, பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியோடு ஒரு பையன் ஆர்வமாக வந்தான். அம்மாவின் முகம் இருக்கும் டிஸ்க்கில் ஊர் பேர் தெரியாத ஒன்றை ஏற்ற மனம் வரவில்லை. டாவின்சி ரிசால்வை எல்லோரும் சிபாரிசு செய்தார்கள், சரியாகத்தான் செய்தார்கள். பெரிய ஸ்டூடியோக்களில் நிறம் சரிசெய்யப் பயன்பட்ட கருவி அது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. இப்போது அதில் எடிட்டிங்கும் செய்யலாம்; இலவசப் பதிப்பிலேயே முடித்த படத்தை 4கே அளவு வரை கோப்பாக்கலாம். கட்டணப் பதிப்புக்கும் ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை, அதாவது படக் கணக்குகளைப் போடும் தனிப் பலகையை, நம்பி ஓடுகிறது. தம்பியின் அலுவலக லேப்டாப்பில் தனி கார்டு இல்லை. அதில் போட்டுப் பார்த்தபோது, இரண்டு கிளிப்புக்கு மேல் நிறத்தைத் தொட்டதும் கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது என்றது. நல்ல கார்டுக்கு என் பட்ஜெட்டில் இடமில்லை.

மிஞ்சியவை கேடன்லைவ், ஷாட்கட் என்ற இரண்டு எடிட்டிங் மென்பொருள்கள். இரண்டும் இலவசம், திறந்த மூலம் (உள்ளே எழுதியிருக்கும் நிரலை யாரும் பார்க்கலாம்). கேடன்லைவில் வசதிகள் அதிகம், ஷாட்கட்டில் பொத்தான்கள் குறைவு. பொத்தான் குறைவானதை எடுத்துக்கொண்டேன். தலைப்பு எழுதும் இடத்தில் 'கொட்டை', 'பெண்', 'கௌரவம்' என்று தமிழில் அடித்துப் பார்த்தேன். கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறாமல் ஒழுங்காக நின்றது. எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பிரீமியர் வைத்திருக்கிறவர்கள் அமைப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவைப் போட வேண்டும். இல்லையென்றால் படம் முடிந்து பெயர் போடும் கட்டத்தில்தான் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

ஷாட்கட்டிலும் ஒரு பாடம் காத்திருந்தது, அதில் குற்றம் முழுக்க என்னுடையது. முதல் கிளிப்பைத் திறந்ததும் ஒரு சின்னச் சாளரம் வந்தது. இந்தக் கோப்பின் பிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) சீராக இல்லை, எடிட்டிங்குக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டது. மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 375 எம்பி, நான்கு ஜிபியைத் தாண்டிப் போயிற்று. மேற்படி எல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொரு வரியையும் முழுதாக எழுதினால் பேரேடு பருக்கத்தானே செய்யும். எனக்கோ மனசு ஆறவில்லை. வேண்டாம் என்று அழுத்தி வேலையைத் தொடங்கினேன்.

ஆறு நிமிடக் காட்சி ஒன்று. அம்மா தட்டுகிறாள், அருகில் பக்கத்து வீட்டு அக்கா நார் உரிக்கிறாள். தொடக்கத்தில் இரும்பு கல்லைத் தொடும்போது 'டக்' சரியாக விழுந்தது. மூன்றாம் நிமிடத்தில் ஏதோ உறுத்தியது. உற்றுப் பார்த்தால், கை மேலே இருக்கும்போது சத்தம் கேட்கிறது; இரும்பு இறங்கும்போது அமைதி. ஏதோ கண் மயக்கம் என்று தொடர்ந்து ஓடவிட்டேன். ஆறாம் நிமிடத்தில் மறுபடியும் சத்தமும் கையும் ஒன்றாகவே இருந்தன. தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு அந்தப் பகுதியைப் படத்தில் சேர்த்தும்விட்டேன். அப்போது அம்மா இருமினாள். வாய் மூடிய பிறகு இருமல் வந்தது.

சரியாகவே இல்லை, ஒரு முழுத் தட்டு பிந்திப் போயிருந்தது. முதல் தட்டின் சத்தம் இரண்டாம் தட்டில் விழுந்ததால் ஒத்துப்போவது போலத் தெரிந்திருக்கிறது. ஒரே தாளத்தில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுத்தால் இந்த ஏமாற்று உண்டு. காரணம் கைப்பேசிகள் வெளிச்சம் குறைந்தால், சூடானால் விநாடிக்கு முப்பது படம் என்பதை இருபத்தெட்டு, இருபத்தாறு என்று தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. ஒலி அதன் பாட்டுக்குச் சீராகப் போகிறது. படத்தைச் சீரான வேகம் என்று எண்ணி ஓட்டினால் இரண்டும் பிரிந்துவிடும். கடைசியில் எனக்குத் தேவையான துண்டுகளை முதலில் பட்டியல் போட்டேன். நாற்பது நிமிடம் தேறியது. அதை மட்டும் மாற்றினேன். 200 ஜிபிக்குப் பக்கம் விழுங்கியது. விழுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடம் இல்லாதவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 4கேவைவிடச் சிறிய 1080 அளவுக்குக் குறைத்து, சீரான பிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுத்து மாற்றலாம். எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாண வீடியோவை அப்படித்தான் செய்தேன், போதுமானதாக இருந்தது.

(வெட்டுவதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் யாரும் எனக்குச் சொல்லாதது: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் கீழே எடுக்கும்போது ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 1/50 விநாடியில் வையுங்கள். இல்லாவிட்டால் சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடலாம்.)

இயந்திரம் வாங்கியது 2024 ஆவணியில், சீட்டு எடுத்த ஐம்பதாயிரத்தில். பாலக்கோட்டில் ரயிலேறி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூரு. எஸ்.பி. ரோடு முழுக்கக் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள்தான். கைப்பையில் பென்டிரைவ், அதில் என் கிளிப்புகள் ஐந்து. ஆறாவது ஏறவில்லை. பதினான்கு நிமிடக் கிளிப், ஐந்து ஜிபிக்கு மேல். பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்ற வேண்டுமாம். இரண்டு கடைகளில் "பென்டிரைவ் எல்லாம் போடக்கூடாது மேடம்" என்றார்கள். மூச்சு விடாமல் வெளியே வந்தேன். தக்காளியை அமுக்கிப் பார்க்கவிடாத வியாபாரியிடம் நாங்கள் வாங்குவதில்லை. மூன்றாவது கடைக்காரர், நான் காட்டியதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, புளியா?" என்று கேட்டு நாற்காலி போட்டார்.

ஐ5-12400 சில்லு 13,000. இதே எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று போட்டிருப்பதில் உள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் இருக்காது. விலை குறைவு என்று அதை வாங்கினால் தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. மதர்போர்டு 6,500. 16 ஜிபி ரேம் 3,200. இன்னொரு 16 ஜிபி செருக இடம் விட்டு, ஒற்றைப் பட்டையாகவே வாங்கினேன். உள்ளே சேமிக்க 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) 3,200. எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டி 2,500, கேபினெட் 2,000, கீபோர்டு மவுஸ் 800. இரண்டு டிபி வெளி ஹார்டு டிஸ்க் 5,500. மூலக் காட்சிகளின் பிரதி அதில் இருக்கிறது, அது வீட்டில் இருப்பதில்லை, தம்பியிடம் இருக்கிறது. யுபிஎஸ் 3,000, பாட்டரி கனம் என்பதால் ஊரிலேயே வாங்கினேன். முடித்த படத்தைக் கோப்பாக்கும்போது இரண்டு முறை மின்சாரம் போனது, அந்த மூவாயிரத்தைப் பற்றி இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

மானிட்டர் 8,500, 24 அங்குல ஐபிஎஸ், அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகைத் திரை. மொத்தம் 48,200.

சில மாதங்களில் ஆப்பிளின் எம்4 மேக் மினி 59,900 ரூபாய்க்கு வந்தது. எச்.265ஐப் பிரிக்கும் பகுதி அதிலேயே உண்டு, 16 ஜிபி நினைவகம், கையளவு பெட்டி. மானிட்டர், கீபோர்டு தனி, சேமிப்பிடமும் 256 ஜிபிதான். இருந்தாலும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டது உண்மை.

மானிட்டருக்கு மட்டும் ஏன் அவ்வளவு என்று தம்பி கேட்டான். காரணம் அந்த ஐ7 லேப்டாப் காலத்தில் நடந்தது. சில காட்சிகளை அதில் அம்மாவுக்குக் காட்டியிருந்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும் திரை அது. அம்மா சாய்த்துப் பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்ன கண்ணு, போன வருஷத்துப் பழம்புளியா? நான் தட்டினது புதுப்புளி ஆச்சே."

புதுப்புளி செம்பழுப்பு; வருடம் ஆக ஆகக் கறுக்கும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் வியாபாரி விலை சொல்வார். என் படத்தில் அம்மாவின் உழைப்பு கிலோவுக்குப் பல ரூபாய் குறைந்துபோய்க் கிடந்தது.

புது மானிட்டர் வந்த அன்று ஒரு பிடி புதுப்புளியைத் தட்டில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். அம்மா பின்னால் நின்றாள். நான் நிறத்தை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்த, "இன்னும் கொஞ்சம் சிவப்பு... போதும், போதும், அது சாயம் போட்ட மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு காட்சிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. மொத்தம் முப்பத்தொரு காட்சிகள்.